மகுடம் இறங்கும்வரை

பிசுன்காட்,
சாவன் மாதம், நாகபஞ்சமிக்கு மூன்றாம் நாள்

மகள் ராஜ்வந்திக்கு,

ராமலீலைக்குப் பையன் பொறுக்கிய அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், ஆசீர்வாதம் பிறகு வரும். நாளைக்கு ஒருவரும் பேச்சை மாற்றக்கூடாது. ராமலீலையை நடத்தும் கோபிநாத் வியாஸ் இருந்தார். சத்திரத்துக் காரியஸ்தர் பாதி நேரம் தூங்கிக்கொண்டு இருந்தார். பத்ரி துபே தன் மகன் நந்துவோடு இருந்தான். யாரும் கூப்பிடாமல் துபேயின் பெண்டாட்டியும் வந்திருந்தாள். நம் வீட்டு மருமகள் சோன்மதி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்தேன், அது முப்பது வருடமாக என் இடம். நடுவே ஒன்பது பிராமணப் பையன்கள். அதில் ஒருவன் உன் அண்ணன் மகன் லல்லன்.

வியாஸ்ஜி ஒவ்வொருவனையும் பாடச் சொன்னார். குரல் உடைந்தவனை அனுப்பினார். முகத்தில் அம்மைத் தழும்பு இருந்தவனை அனுப்பினார். கடைசியில் நந்துவும் லல்லனும் மிஞ்சினார்கள். துபே என் பக்கம் சாய்ந்து, "உங்க பேரன் லட்சுமணனுக்குத்தான் சரி அம்மா, முன்கோபக்காரன்" என்றான். வியாஸ்ஜி லல்லனைத் தூக்கித் தோளில் வைத்து எடை பார்த்தார். இறக்கிவிடாமலே சொன்னார்: "இவர்தான் ராமர்." இவன் என்று சொல்லவில்லை. இவர் என்றார்.

முறைகளையும் சொல்லி அனுப்பினார். அனந்த சதுர்தசியன்று மகுடம் ஏறும். அன்று முதல் பட்டாபிஷேகம் முடியும்வரை ஒரு மாதம் அவன் சத்திரத்தில்தான் இருக்க வேண்டும். கால் தரையில் படக்கூடாது, தோளில்தான் போக வேண்டும். பெயர் சொல்லி யாரும் கூப்பிடக்கூடாது. பெற்றவள் கையால் ஒரு கவளம் ஊட்டக்கூடாது. நானும் சோன்மதியும் ஊர்க்காரர்களைப் போல வரிசையில் நின்று அவன் காலில் விழ வேண்டும். "மகுடம் ஏறினா சுவாமி வந்து உக்காந்துடறார். அது கடைசியா இறங்கற வரைக்கும் அவர் உங்க பிள்ளை இல்ல" என்றார். வீட்டில் பிறப்புத் தீட்டோ சாவுத் தீட்டோ வந்தால் அந்த நிமிடமே மகுடம் நந்துவிடம் போய்விடும் என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் துபேயின் பெண்டாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன்.

உன் அண்ணன் சிவமங்கலிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. உன் வீட்டில்தானே இருக்கிறான், உனக்குக் கையில்லையா? சணல் மில்லில் லீவு சொல்லிவிட்டுப் பட்டாபிஷேகத்துக்காவது வரச் சொல். மகன் சிம்மாசனத்தில் உட்காருவதைத் தகப்பன் பார்க்க வேண்டாமா?

இங்கே கங்கைத்தாய் தயவில் எல்லோரும் சுகம். உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி.

அம்மா ஜனக்துலாரி

~

ஹவுரா,
ஆகஸ்ட் 28

அம்மாவின் பாதங்களைத் தொட்டு ராஜ்வந்தி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கடுகெண்ணெய் தேய்க்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை அண்ணனுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். "இவரென்று சொன்னாராமா? மறுபடியும் படி" என்று மூன்றாவது தடவையும் படிக்கச் சொன்னது. மில் வரிசையில் இருக்கிற நம் பக்கத்து ஆட்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லிவிட்டது. "எங்க ஊர்ல இனிமே நான் ராமருக்கே அப்பன்டா, தசரத மகராஜ்னு கூப்பிடுங்க" என்று ஒரே சிரிப்பு.

அண்ணனுக்குக் கொஞ்சம் இருமல். சணல் தூசி எல்லோருக்கும் உள்ளதுதான். கை அசதியாக இருக்கிறது என்பதால் என்னை எழுதச் சொன்னது. அண்ணியிடம் இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டாமாம். அண்ணிக்கு எழுத்துத் தெரியாது, நீங்கள்தானே படித்துக் காட்டுகிறீர்கள், அந்த இடத்தை விட்டுவிட்டுப் படியுங்கள்.

லல்லனுக்கு என் முத்தம். மகுடம் ஏறுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.

ராஜ்வந்தி

~

பிசுன்காட்,
பாதோ மாதம், தீஜ் நோன்புக்கு மறுநாள்

ராஜ்வந்திக்கு அம்மாவின் ஆசி. முழங்காலை விசாரித்ததற்குச் சந்தோஷம். அது கிடக்கட்டும்.

நீ எழுதியது ஒரு பக்கம். எழுதாதது எவ்வளவு என்று கணக்குப் போட எனக்குப் பள்ளிக்கூடம் தேவையில்லை. உன் அண்ணன் கை அசந்தவனா? காய்ச்சலில் படுத்துக்கொண்டே கொட்டகைக்குக் கீற்று முடைந்தவன். கையெழுத்துப் போடக்கூட எழுந்திருக்கவில்லை என்றால் அது இருமல் இல்லை. உள்ளதை எழுது. இருமினால் துணியில் என்ன வருகிறது, அதை எழுது.

நேற்று தீஜ். சோன்மதி புருஷன் ஆயுசுக்காகப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் ஒரு பகலும் ஓர் இரவும் இருந்தாள். விடிந்ததும் நெற்றியில் குங்குமத்தை வகிடுவரை அள்ளி வைத்துக்கொண்டு வந்து, "அத்தே, அவங்க கடுதாசில என்னைப் பத்தி ஏதாவது கேட்டிருந்தாங்களா?" என்றாள். உன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இல்லாததையெல்லாம் படித்தேன். அவளுக்குப் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறானாம் என்று படித்தேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இப்போது நீ நிஜமாகவே வாங்கி அனுப்ப வேண்டும்.

லல்லன் வசனங்களைப் பாடம் பண்ணிவிட்டான். வியாஸ்ஜி ஒரு தடவைகூடக் கோலைத் தூக்கவில்லை. பத்து நாளில் மகுடம். அது ஏறட்டும். ஊரெல்லாம் கோயில் கோயிலாக அலைகிறது, நம் அடுப்பங்கரையில் சத்துமாவு உருண்டை தின்று வளர்ந்த உடம்பில் அவரே வந்து உட்காரப் போகிறார். என்ன கேட்க வேண்டுமோ நேராகக் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா

~

ஹவுரா,
செப்டம்பர் 19

அம்மாவுக்கு நமஸ்காரம்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். ரத்தம் வருகிறது. ஆஷாட மாதத்திலிருந்தே வந்திருக்கிறது, அண்ணன் துணியைத் தானே துவைத்து மறைத்திருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை மில் வாசலில் விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். இரண்டு பக்க நெஞ்சும் அரித்துப் போயிற்று, முன்னமே வந்திருந்தால் மருந்து கேட்டிருக்கும் என்கிறார் டாக்டர். ஊரில் மனைவி இருந்தால் வரவழையுங்கள் என்று உங்கள் மாப்பிள்ளையைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அம்மா, அண்ணியை அனுப்புங்கள். என் மைத்துனர் அடுத்த வாரம் பல்லியாவிலிருந்து இங்கே வருகிறார், அவரோடு ரயில் ஏற்றிவிடுங்கள். லல்லனைச் சத்திரத்திலிருந்து விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணனே வேண்டாம் என்கிறது. அண்ணி வந்தால் போதும். அண்ணன் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் வார்டு வாசலில் வளையல் சத்தம் கேட்டால் தலையைத் தூக்கிப் பார்க்கிறது.

ராஜ்வந்தி

~

பிசுன்காட்,
ஆசின் மாதம், தேய்பிறை நான்காம் நாள்

என் ராஜ்வந்திக்கு நூறு ஆசி. பயப்படாதே. உன் அண்ணன் பிழைத்துவிட்டான்.

சொல்கிறேன் கேள். மகுடம் ஏறி இன்றோடு ஆறாம் நாள். நேற்று ஜனக்பூர் லீலை, வில்லை முறித்தாயிற்று. பொழுது சாயும்போது ஆரத்தி. முதல் நான்கு நாளும் எனக்கு வரிசையில் நிற்கக் கால் வரவில்லை. சொந்தப் பேரன் காலில் விழும் வெட்கம் இல்லை அது. கேட்டு, கிடைக்காமல் போனால் அப்புறம் யாரிடம் போவது என்ற பயம். நேற்று உன் கடிதத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு போய் நின்றுவிட்டேன். எனக்குப் பின்னால் துபேயின் பெண்டாட்டி. வரட்டும், அவளும் சாட்சி.

முகம் முழுக்கச் சந்தனமும் ஜிகினாவும். கண் மட்டும்தான் தெரிந்த கண். பாதத்தில் செம்பஞ்சுக் குழம்பு பூசியிருந்தார்கள், சில்லென்று இருந்தது. நெற்றியை வைத்துக்கொண்டே சொன்னேன்: "பிரபு, மனசுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டேன். உனக்குத் தெரியாததா?" வாய்விட்டுச் சொன்னால் லல்லனுக்குக் கேட்டுவிடும், பிள்ளை பயந்துபோவான். மனதில் சொன்னால் சுவாமிக்கு மட்டும் கேட்கும். அப்படித்தான் யோசித்து வைத்திருந்தேன். என் சிவமங்கலை எனக்கு விட்டுக் கொடு என்று மனதுக்குள் மூன்று தடவை கேட்டேன்.

நிமிர்ந்தேன். உதடு அசையாமல் சின்னக் குரலில், "ஆஜி, காது வலிக்குது" என்றது. குண்டலம் இழுத்துக் காது சிவந்திருந்தது. நான் கேட்காதது போல இருந்தேன். சுவாமிக்கு ஏது ஆஜி, ஏது பாட்டி? "தர்றேன்னு சொல்லு" என்று மறுபடியும் காலைப் பிடித்தேன். வரிசை நின்றுவிட்டது. அவர் வியாஸ்ஜியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கூட்டம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் சொன்னார்: "அப்படியே ஆகட்டும்."

ஜனங்கள் ஜே போட்டார்கள். துபேயின் பெண்டாட்டிதான் கை கொடுத்து என்னை எழுப்பினாள்.

ஆகவே சோன்மதியை அனுப்பவில்லை. உன் மைத்துனர் வந்தார், தயிர் அவல் கொடுத்து அனுப்பிவிட்டேன். வாக்கு வாங்கிக்கொண்டு வந்தபிறகு, கடைசி முகம் பார்க்கப் போ என்று அவளை ரயிலேற்றினால் வாக்கை நம்பவில்லை என்று ஆகும். கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வார். அண்ணனுக்குக் கஞ்சி கொடு. இன்னும் ஒரு வாரத்தில் எழுந்து உட்காருவான், பார்.

அம்மா

~

ஹவுரா,
அக்டோபர் 2

அம்மாவுக்கு.

மைத்துனர் தனியாக வந்து இறங்கினார். நான் ரயிலடியில் பெண்கள் பெட்டியில் எல்லா முக்காட்டையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் கடிதத்தை அண்ணனிடம் படிக்கவில்லை. அதற்குக் கஞ்சி இறங்கவில்லை, தண்ணீரும் பஞ்சில் நனைத்துத்தான். நேற்று சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வனவாசம்தானே? கங்கையைத் தாண்டிட்டானா?" என்று கேட்டது. அண்ணன் நாள் எண்ணிக்கொண்டே இருக்கிறது. தாண்டிவிட்டான் என்றேன். "கால் குத்தும்ல, முள்ளு" என்றது.

அண்ணியை அனுப்புங்கள். யாரோடாவது. தனியாகவாவது. நான் உங்கள் மகளாகக் கேட்கிறேன்.

ராஜ்வந்தி

~

(தபால் அட்டை, மேல் மூலை கிழித்தது)

ஹவுரா, அக்டோபர் 4

மாமியார் அவர்களுக்கு மகாதேவ் பாண்டே எழுதுவது. நேற்று விடிகாலை சிவமங்கல் காலமானார். ராஜ்வந்தி பக்கத்தில் இருந்தாள். மகன் இங்கே இல்லாததால் நான் தீ வைத்தேன். வழக்கப்படி வீட்டுக்கு வெளியே வைத்துப் படித்துவிட்டு அட்டையைக் கிழித்துவிடவும்.

~

பிசுன்காட்,
ஆசின் மாதம், அமாவாசைக்கு மறுநாள்

ராஜ்வந்திக்கு அம்மாவின் ஆசி. உன்னிடமிருந்து சேதி இல்லை. அண்ணன் சாப்பிடுகிறானா? இங்கே எல்லோரும்

இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

தபால்காரர் மூன்று நாளைக்கு முன் வந்தார். எப்போதும் படியேறி வந்து சோன்மதியிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பவர் அன்றைக்குத் தெருவிலேயே நின்று என்னைக் கூப்பிட்டார். ஓர் அட்டை. அதன் மூலை கிழிந்திருந்தது. பையில் உராய்ந்து கிழிந்திருக்கும். சாவு அட்டையின் மூலையைத்தான் கிழிப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா, அறுபத்து மூன்று வயதில் எத்தனை பார்த்திருக்கிறேன். ஆனால் பையில் உராய்ந்தும் கிழியும். எழுத்துப் பக்கத்தை உள்பக்கமாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "யாராவது கேட்டா?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "விலாசம் மட்டும்தான் ஆஜி நான் படிக்கறது" என்றார்.

ஆனால் எங்கோ சொல்லிவிட்டார். மத்தியானம் வியாஸ்ஜி வந்தார். இருபது வருடமாக நம் வாசலை மிதிக்காதவர். தபால் ஏதாவது வந்ததா என்றார். "வந்துது. இன்னும் படிக்கல" என்றேன். "காதுல விழுந்தாத்தாம்மா தீட்டு. கண்ணு தெளிவா இல்லாதப்ப எதுக்குப் படிக்கணும்? பௌர்ணமிப் பட்டாபிஷேகம் கழியட்டும், நிதானமா படிங்க" என்றார்.

அவருக்கு மகுடம் கவலை. எனக்கு மகுடம் போனால் போகிறது. நந்துவே வைத்துக்கொள்ளட்டும். ராஜ்வந்தி, நான் அதைப் படித்தால் அவர் கொடுத்த வாக்கு பொய்யாகிவிடும். படிக்காதவரை அது நிற்கிறது. அவ்வளவுதான்.

அன்றைக்குச் சித்திரகூட லீலை. பரதன் காட்டுக்கு வந்து, தசரதன் இறந்துவிட்டான் என்று ராமனிடம் சொல்லும் நாள். போகாமல் இருந்திருக்கலாம். போனேன். சேதியைக் கேட்டதும் அவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். வியாஸ்ஜி கற்றுக்கொடுத்த அழுகைதான், எனக்குத் தெரியும், வீட்டில் நூறு தடவை ஒத்திகை பார்த்தவன். பிறகு தொட்டியில் ஆறு மாதிரி தண்ணீர் விட்டிருந்தார்கள். எள்ளும் தர்ப்பையும் கொடுத்தார்கள். இரண்டு கையையும் சேர்த்துத் தகப்பனுக்குத் தண்ணீர் இறைத்தான். பித்ருக்களின் பட்சம், ஊரெல்லாம் அவரவர் தகப்பனுக்கு இறைக்கிற நாட்கள். அவன் கையிலிருந்து தண்ணீர் விழும்போது கூட்டத்தில் உட்கார்ந்து நான் மெல்ல ஒரு பெயரையும் கோத்திரத்தையும் சொன்னேன். மூன்று தடவை இறைத்தான். மூன்று தடவை சொன்னேன்.

யார் பெயர் என்று உனக்கு எழுதமாட்டேன். பக்கத்தில் சோன்மதி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். "எவ்வளவு நல்லா அழறான் பாருங்க அத்தே" என்றாள். அவள் கையில் வளையல் எல்லாம் இருந்தது.

அம்மா

~

ஹவுரா,
அக்டோபர் 15

அம்மா,

நலம் விசாரிக்க எனக்கு மனம் இல்லை.

நீங்கள் படிக்கவில்லை என்றால் நான் எழுதுகிறேன், இந்தக் காகிதத்துக்கு மூலை கிழிக்கவில்லை. அண்ணன் இறந்துவிட்டது. மூன்றாம் தேதி, விடிகாலை. சாகும்போது வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி வைக்கச் சொன்னது. வளையல் சத்தத்துக்காக என்று எனக்குத் தெரியும். நான் என் வளையலைக் குலுக்கினேன், அம்மா. என்னிடம் வேறு என்ன இருந்தது? கண்ணைத் திறக்காமலே சிரித்தது. "வந்துட்டியா" என்றது.

பன்னிரண்டு நாளாக ஒரு பெண், இல்லாத புருஷனுக்காகக் குங்குமம் வைத்துக்கொள்கிறாள். ஊரே சேர்ந்து அவளை வேடிக்கை பார்க்கிறது. அவளிடம் சொல்லுங்கள். இல்லை என்றால் நான் வந்து லீலை மைதானத்தின் நடுவில் நின்று சொல்வேன்.

ராஜ்வந்தி

~

பிசுன்காட்,
ஆசின் மாதம், பௌர்ணமிக்கு மூன்றாம் நாள்

ராஜ்வந்திக்கு.

நீ வருவாய் என்று தினமும் படகுத்துறையைப் பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னால் முடியாததை வேறு யாராவது செய்திருப்பார்கள்.

பட்டாபிஷேகம் முடிந்தது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் மகுடத்தை இறக்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். வியாஸ்ஜி அவன் தலையைத் தடவி, "லல்லன், வீட்டுக்குப் போ" என்றார். ஒரு மாதம் தரையில் படாத கால், சத்திரத்துப் படியில் தடுமாறியது. வழியெல்லாம் என் விரலைப் பிடித்துக்கொண்டு, தனக்கு வைத்த பேடா எல்லாம் காரியஸ்தர் தின்றுவிட்டார் என்று சொல்லிக்கொண்டே வந்தான். நான் உம் கொட்டினேன்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நின்று சோன்மதியை வெளியே கூப்பிட்டேன். ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள். அட்டையை எடுத்துப் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் நான், காலமானார் என்ற வார்த்தைக்கு எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் கத்தவில்லை. தட்டைக் கீழே வைத்தாள். "தேதி என்ன போட்டிருக்கு?" என்றாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். இரண்டு கையும் இரண்டு தடவை முடிந்து திரும்பவும் முதல் கைக்கு வந்து முடித்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நேத்திக்குக் கூட எனக்கு நீங்கதானே தலை வாரி வகிடு எடுத்து விட்டீங்க" என்றாள். வேம்பில் கையை அடித்து வளையலை அவளே உடைத்துக்கொண்டாள்.

உன் கடிதங்களையும் எடுத்து வைத்தேன். எல்லாவற்றையும் படிக்கச் சொன்னாள், ஒரு வரி விடாமல். வார்டு வாசல், வளையல், எல்லாம் படித்தேன். நான் உனக்கு எழுதியது என்ன என்று கேட்டாள். அதையும் சொன்னேன். லல்லன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான் என்பதை நான் பார்க்கவில்லை.

முகத்தில் இன்னும் கொஞ்சம் ஜிகினா ஒட்டியிருந்தது. "ஆஜி, அன்னிக்கு நீ எங்கிட்ட கேட்டது இதுதானா?" என்றான்.

நான் அட்டையைக் கிழித்துப் போட்டேன்.

அவன் தலையை மழித்து, கரையில் வைத்துச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அன்று முதல் வாய் திறக்கவில்லை. தட்டில் போட்டதைத் தொடவில்லை. சோன்மதி மூட்டை கட்டிவிட்டாள், உன்னிடம் வருகிறாள். நான் நிறுத்தவில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்.

அம்மா

~

ஹவுரா,
நவம்பர் 10

அம்மாவுக்கு.

அண்ணியும் லல்லனும் வந்து சேர்ந்து பதினோரு நாள் ஆகிறது. அண்ணியை அண்ணன் கிடந்த கட்டில்வரை கூட்டிப்போய்க் காட்டினேன். அதில் வேறு யாரோ படுத்திருந்தார்.

லல்லன் பேசுவதில்லை. பசித்தால் தலையாட்டுகிறான், அதுவும் நான் இரண்டு தடவை கேட்டால். டாக்டரிடம் காட்டினோம், தொண்டையில் ஒன்றும் இல்லை என்றார். முந்தாநாள் தீபாவளி. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி அகல் ஏற்றிக்கொண்டே, எங்க அப்பாவுக்கு வேலை கிடைக்கணும்னு சொல்லு, நீ ராமரா இருந்தவன்தானே என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். நானும் தரையில் படுத்து உள்ளே கையை நீட்டினேன். அப்போதுதான் ஒரே ஒரு தடவை பேசினான்: "அத்தே, நான் தர்றேன்னு சொன்னேன். தரல. அதான் அப்பா செத்துட்டாரு."

எலும்பாகப் போய்விட்டான், அம்மா. இப்படியே போனால் அண்ணனோடு இவனும் போவான். நான் சொல்வதைக் கேட்கமாட்டேன் என்கிறான். அண்ணி உங்கள் பெயரை எடுக்க விடமாட்டாள், ஆனால் நேற்று அவளே சொன்னாள்: "கேட்டவங்கதான் முடிச்சை அவிழ்க்கணும், எழுதச் சொல்லுங்க."

எழுதுங்கள். அவனுக்கு நேராக எழுதுங்கள்.

ராஜ்வந்தி

~

பிசுன்காட்,
கார்த்திக் மாதம், சட் விரதத்துக்கு மறுநாள்

(முதல் தாள். லல்லனுக்குப் படித்துக் காட்ட வேண்டியது.)

என் லல்லனுக்கு ஆஜி எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? நீ சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். சட் பூஜைத் தேக்குவாப் பலகாரம் செய்து மாப்பிள்ளையின் ஊர்க்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன், வெல்லம் கூடப் போட்டது.

நீ கேட்டதற்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் உன்னிடம் கேட்டது அது இல்லை. உன் அப்பாவை நான் உன்னிடம் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் சொன்னது, துக்கத்தில் புத்தி புரண்டு சொன்னது. உன்னைத் தோளில் தூக்குகிறவர்களில் அந்த நெட்டையன் கொஞ்சம் நொண்டுவானே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாளே பார்த்துவிட்டேன், மேடுபள்ளத்தில் உன்னைப் போட்டுவிடுவானோ என்று எனக்கு உயிரே இல்லை. ஒரு மாதமும் என் பிள்ளை கீழே விழக்கூடாது என்று கேட்டேன். அப்படியே ஆகட்டும் என்றாய். விழுந்தாயா? சேற்றில்கூட விழவில்லை. நீ சொன்ன வாக்கு நடந்தது. உன் வாயிலிருந்து வந்தது எதுவும் பொய் ஆகவில்லை.

காது வலிக்கிறது என்று நீ சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். அது என் தப்பு. உன் அத்தையைத் தேங்காயெண்ணெய் போடச் சொல். வலித்தால் வலிக்கிறது என்று சத்தமாகச் சொல். நாலு வீடு கேட்கச் சொல்.

உன் ஆஜி

(இரண்டாம் தாள். ராஜ்வந்திக்கு மட்டும். படித்துவிட்டுக் கிழித்துவிடு.)

ராஜ்வந்தி, மேலே இருப்பது பொய். நான்கு நாள் உட்கார்ந்து நான்கு தாள் வீணாக்கி எழுதிய பொய். சோன்மதி கேட்டால் அவளிடமும் இதே பொய்யைச் சொல், அவளுக்குப் புரியும், பெற்றவள்.

எனக்கு யார் மேல் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியும். நாற்பது வருடத்துக் கோபமெல்லாம் தேதியோடு வைத்திருக்கிறேன். இந்த ஒரு மாதமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பத்ரி துபே நேற்று சட் பூஜைக் கரும்பை எனக்கும் சேர்த்துச் சுமந்து வந்தான், அவனை விட்டுவிட்டேன். அவன் பெண்டாட்டி அன்றைக்குக் கை கொடுத்தாள், அவளையும் விட்டுவிட்டேன். தபால்காரரை விட்டுவிட்டேன். வியாஸ்ஜி வாசலுக்கு வந்து அழுதார், உட்காரச் சொல்லவில்லை, ஆனால் விட்டுவிட்டேன். அண்ணன் ரத்தத் துணியைத் துவைத்து மறைத்தான், செத்தவன் மேல் என்ன கோபம்? என்னை விடுவதும் பிடிப்பதும் சோன்மதியின் பாடு. நான் கேட்கப் போவதில்லை. ரயிலடியில் நின்ற உன்னிடமும் கேட்கப் போவதில்லை.

ஆனால் அந்த வார்த்தையை யார் சொன்னது? அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்தச் சிம்மாசனத்தில் இருந்தது லல்லன் மட்டும்தான் என்றால் பாரம் முழுக்கப் பதினொரு வயதுப் பிள்ளை தலையில். அங்கே யாருமே வரவில்லை, நாங்கள்தான் ஜிகினாவைக் கும்பிட்டோம் என்றால், அவளை ரயிலேற்றாத பாரம் என் தலையில் மட்டும். அப்படியே இருந்தாலும் தாங்கிக்கொள்வேன். ஆனால் நான் நிமிர்ந்தபோது அந்தக் கண்ணைப் பார்த்தேன். வந்திருந்தார். நான் பொய் சொல்லமாட்டேன், அவர் வந்திருந்தார்.

மனித உடம்பெடுத்து வந்தவர், தகப்பன் சாகும்போது தானும் பக்கத்தில் இல்லாதவர். காட்டில் உட்கார்ந்து தண்ணீர் இறைத்த வலி அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் என் பிள்ளையின் வாயைத் திறந்து அந்த வார்த்தையைச் சொல்ல வைத்துவிட்டு, பௌர்ணமியன்று எழுந்து போய்விட்டார். கடவுளாக இருந்தால் கும்பிட்டுவிட்டுப் போகலாம். மனிதனாக இறங்கி வந்தால் மனிதர்களின் கோபத்தையும் சுமக்கத்தான் வேண்டும். லல்லன் தோளில் வைக்கமாட்டேன். அவர் தோளில் வைக்கிறேன். அடுத்த வருடம் யார் தலையில் மகுடம் ஏறினாலும் என் இடத்தில் போய் உட்காருவேன், வரிசையில் நிற்பேன், காலில் விழுவேன். ஒன்றும் கேட்கமாட்டேன். ஆனால் மன்னிக்கமாட்டேன், அயோத்தி தசரதன் மகன் ராமச்சந்திரனை.